காலிக் கட்டில்களின் கணக்கு

இரவு ஒன்பதரைக்கு ஷிஃப்ட் ஏறியதும் என் முதல் வேலை மருந்து அலமாரியைத் திறந்து எண்ணுவது. வலிப்பு வந்தால் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் விடுகிற மிடசோலம் எத்தனை, தூக்கத்துக்கான மெலடோனின் எத்தனை என்று பகல் ஷிஃப்ட்காரரும் நானும் சேர்ந்து எண்ணி இரண்டு கையெழுத்துப் போடுவோம். அப்புறம் அறை அறையாகப் போய்ப் பார்ப்பேன். வயிற்றுக் குழாய் வழியாக இரவு முழுக்க உணவு ஏறும் பிள்ளையின் அறையில் அந்தப் பம்ப் மெல்ல உறுமிக்கொண்டிருக்கும். பக்கத்து அறையில் ஒரு பையன் விளக்கைப் போடுவான், அணைப்பான், மறுபடி போடுவான். இரண்டு மணி வரை அது ஓடும். நிறுத்தச் சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் கூடும் என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டேன்.

இங்கிலாந்தில் ஒரு கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், நடத்தும் வீடு இது. ஊர்ப் பெயர் வேண்டாம். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள் ஓரிரு இரவு வந்து தங்குவார்கள், அந்த ஓரிரு இரவு பெற்றோருக்கு ஓய்வு, ஆங்கிலத்தில் 'ஷார்ட் பிரேக்'. வெளியிலிருந்து பார்த்தால் பக்கத்து வீடு மாதிரிதான் இருக்கும், கதவுகள் மட்டும் அகலம். சட்டத்தின் கண்ணில் இது பதிவு பெற்ற சிறுவர் இல்லம். பள்ளிகளையும் சிறுவர் இல்லங்களையும் ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பு வந்து பார்க்கும், மாதம் ஒருமுறை வெளியாள் ஒருவர் வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். நான் 'வேக்கிங் நைட்', விடிய விடிய முழித்திருக்கும் ஆள். மாடியில் இன்னொருவர் 'ஸ்லீப்-இன்', தேவைப்பட்டால் எழுப்ப வேண்டும்.

இந்த வீட்டை மீளாய்வு செய்யக் கவுன்சில் இரண்டு பேரை அனுப்பியது. அவர்கள் வந்தது காலை பதினொரு மணிக்கு. பிள்ளைகள் எல்லாரும் பள்ளியில். நான் அன்று பயிற்சிக்காகப் பகலில் இருந்ததால் பார்த்தேன். மடிக்கணினியோடு அறை அறையாகப் போனார்கள், பிள்ளைகளைத் தூக்கி இடம் மாற்றும் ஹாய்ஸ்ட் கருவியைத் தொட்டுப் பார்த்தார்கள், கட்டில்களை எண்ணினார்கள். ஆறு. ஆறு கட்டில், 365 இரவு, ஆக மொத்தம் 2190 கட்டில்-இரவுகள். அதில் எத்தனை நிரம்பியது, எத்தனை காலி? அந்தக் காலி எண்தான் பிறகு வந்த அறிக்கையில் தடித்த எழுத்தில் இருந்தது.

கணக்கில் தப்பில்லை. கட்டில் ஏன் காலியாக இருந்தது என்றுதான் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

விளக்குப் போட்டு விளையாடும் பையனையும், சின்னச் சத்தத்துக்கே அலறுகிற பெண்ணையும் ஒரே இரவில் வைக்க முடியாது. யாரை யாரோடு வைக்கலாம் என்று பார்த்துத்தான் ரோட்டா, அதாவது முறைப்பட்டியல், போடுவோம், எங்கள் பேச்சில் அதற்கு 'மேட்சிங்' என்று பெயர். ஒரு பிள்ளைக்கு இரண்டு ஆள் தேவைப்பட்டால் அன்று பக்கத்துக் கட்டில் தானாகவே காலி. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பிள்ளைக்குச் சளி என்று போன் வந்தால், அந்த இடத்துக்கு மாலைக்குள் இன்னொரு பிள்ளையைக் கூப்பிட முடியாது. அந்தத் தாய் பை கட்ட வேண்டும், பள்ளி வேனை மாற்றிச் சொல்ல வேண்டும், பிள்ளைக்கு நாலு நாள் முன்பிருந்தே படம் காட்டிச் சொல்லிவைக்க வேண்டும். ஒரு கட்டிலை அவசரத்துக்கென்று ஒதுக்கியும் வைப்போம். ஒரு தாய் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்த இரவு அதன் அருமை தெரிந்தது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. எனக்கு ஆறாத விஷயம் வேறு. மீளாய்வு தொடங்கும் முன்னரே மூன்று பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். பதிலுக்கு ஆள் எடுக்கவில்லை, 'மீளாய்வு முடியட்டும்' என்று நிறுத்திவைத்துவிட்டார்கள். ஏஜென்சி ஆட்கள் வந்தார்கள், நல்லவர்கள்தான். ஆனால் குழாய் உணவும் வலிப்பு மருந்தும் பயிற்சி முடித்துக் கையெழுத்து வாங்காத ஆள் கொடுக்கக் கூடாது, அதுவும் அந்தந்தப் பிள்ளைக்கென்று தனித்தனியாக. ஆள் இல்லாததால் கட்டிலை மூடினோம். மூடிய கட்டிலை எண்ணிவிட்டு 'தேவை குறைந்திருக்கிறது' என்று எழுதினார்கள். இது எல்லாம் இழுத்துக்கொண்டே போனதில் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்குப் பதினெட்டு முடிந்து பெரியவர்களுக்கான சேவைக்குப் போய்விட்டார்கள். தேவை குறைந்ததில் அவர்களும் சேர்த்தி.

கவுன்சிலால் இதை ஒரேயடியாக நிறுத்தவும் முடியாது. 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகள் இங்கிலாந்துக் கவுன்சில்களுக்குக் கடமை வைத்திருக்கின்றன. பகல் பராமரிப்பு, இரவுப் பராமரிப்பு, வெளியே அழைத்துப்போகும் செயல்பாடுகள், மாலை, வார இறுதி, பள்ளி விடுமுறை என்று வகைவகையாக, நியாயமாக முடிந்த அளவுக்குத் தர வேண்டும். என்னென்ன உண்டு, யாருக்கு உண்டு என்று ஓர் அறிக்கையும் வெளியிட்டு வைத்திருக்க வேண்டும். ஓய்வு கிடைக்காவிட்டால் பராமரிக்கவே முடியாமல் போகிறவர்களை மட்டும் பார்த்தால் போதாது. ஓய்வு கிடைத்தால் இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ளக் கூடியவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதாவது, விழுந்த பிறகு தூக்க வருவது போதாது. எத்தனை இரவு என்று மட்டும் அந்த விதி சொல்லவில்லை. இழுபறி எல்லாம் அந்த ஓட்டைக்குள்தான்.

பெற்றோர் கூட்டத்தில் லாரி ஓட்டும் ஒரு தகப்பன் எழுந்தார். கையில் மடித்த தாள். 1985-இல் லண்டன் பிரென்ட் கவுன்சிலின் பள்ளிக்கூட வழக்கில் பிறந்த, மக்களிடம் கருத்துக் கேட்பதற்கான 'கன்னிங்' விதிகளை வாசித்தார். முடிவு உருவாகும் கட்டத்திலேயே கேட்க வேண்டும், யோசித்துச் சொல்லப் போதிய காரணம் தர வேண்டும், போதிய நேரம் தர வேண்டும், சொன்னதை மனசாட்சியோடு எடுத்துக்கொள்ள வேண்டும். 2014-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது என்று சேர்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "ஆள் எடுக்கிறதை முன்னாடியே நிறுத்திட்டீங்க. இது எந்தக் கட்டம்?" முன்வரிசையில் இருந்த அதிகாரி குறித்துக்கொள்வதாகச் சொன்னார். பின்னால் நின்ற நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். கேட்க வேண்டிய கேள்வியை என் இடத்திலிருந்து யாரும் கேட்கவில்லையே என்று கொஞ்சம் கூச்சம்.

கவுன்சில் பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆறு கட்டில் வீட்டை இரவும் பகலும் ஆள் போட்டு நடத்துவது சும்மா இல்லை. பிள்ளைகள் நலத்துக்கான பணம் எங்கிருந்தெல்லாம் பிய்த்துக்கொண்டு போகிறது என்று எனக்கும் தெரியும். எல்லாப் பிள்ளைக்கும் இந்த வீடு ஒத்துப்போவதுமில்லை. ஒரு தாய் கூட்டத்திலேயே சொன்னார், பணத்தை என் கையில் கொடுங்கள், எனக்குத் தெரிந்த ஆளை வீட்டுக்கே வரவைத்துக்கொள்கிறேன், என் மகன் அந்நியக் கட்டிலில் தூங்க மாட்டான் என்று. சரிதான். இன்னொரு தாய்க்கு அந்தப் பணத்தால் பயனில்லை. இரவு வேலைக்கு ஆள் தேடி ஒரு வருஷமாக விளம்பரம் போட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளைகளில் ஒருவனின் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். நான் மதுரைப் பக்கம். மகனை இரவு விடவே மாட்டேன் என்று நெடுநாள் பிடிவாதமாக இருந்தவர். பிள்ளையை வேறு இடத்தில் விட்டுவிட்டு நித்திரை கொள்ளும் தாய் என்று ஊர் சொல்லுமே என்ற பயம். முதல் இரவு ஐந்து முறை போன் பண்ணினார். "அக்கா, முழிப்போ? பிள்ளை படுத்திட்டானோ?" படுத்துவிட்டான் என்பேன். "மூச்சுக் கேக்குதோ?" நான் ரிசீவரோடு அறை வாசல் வரை போய் நின்று, கேட்கிறது என்று சொல்வேன். நாள் போகப் போக ஐந்து மூன்றாகி, ஒன்றில் வந்து நின்றது.

மீளாய்வுக் கேள்வித்தாள் தமிழிலும் வந்தது. யார் மொழிபெயர்த்தார்களோ, மனிதரா கணினியா தெரியவில்லை. அன்று இரவு ஒன்றேகாலுக்குப் போன் வந்தது.

"அக்கா, 'குறுகிய முறிவுகள்' எண்டு போட்டிருக்கு. ஆருக்கு முறிஞ்சது?"

சிரித்துவிட்டேன். பிள்ளைகள் எழும்பிவிடுவார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். 'ஷார்ட் பிரேக்' முறிவாகிவிட்டது. மருந்துச் சீட்டில் இப்படி நடந்திருந்தால் சிரிப்பு வந்திருக்காது. விளக்கியதும் அவரும் சிரித்தார். அப்புறம் ஒரு பெட்டியை வாசித்தார். இச்சேவையால் தாங்கள் அடைந்த விளைவுகள் யாவை?

"இதுக்கு நான் என்ன எழுதோணும்?"

ஊழியர்கள் யாருக்கும் படிவம் நிரப்ப உதவக் கூடாது, கருத்தும் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு மின்னஞ்சல் வந்திருந்தது. நான் பேசாமல் இருந்தேன்.

"நான் நித்திரை கொண்டனான் எண்டு எழுதலாமோ?"

எழுதுங்கள் என்றேன். விதியை மீறினேனா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

முடிவு அறிக்கை வந்தபோது பின்னிணைப்பில் பெற்றோரின் கருத்துகள் பெயரில்லாமல் இருந்தன, 'பராமரிப்பாளர் நலன்' என்ற தலைப்பின் கீழ். விடியற்காலை நாலு மணிக்கு, பம்ப் சத்தத்துக்கு நடுவில், ஒவ்வொன்றாகப் படித்தேன். 'நான் தூங்கினேன்' என்ற வரி மூன்று இடத்தில் இருந்தது. எது அவருடையது என்று தெரியவில்லை.

வீடு மூடப்படவில்லை. ஞாயிறும் திங்களும் இரவு கிடையாது என்றாகிவிட்டது. காலியிடத்துக்கு ஆள் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள், ஒருவர் வந்தும்விட்டார், இன்னும் குழாய்ப் பயிற்சி முடியவில்லை. அந்த அம்மாவுக்கு முன்பு திங்கள், இப்போது புதன். நாள் மாறியதால் பள்ளி வேன் எத்தனை மணிக்கு எங்கே வரும் என்று இரண்டு வாரம் குழப்பமாக இருந்தது.

போன புதன்கிழமை அவர் போனே பண்ணவில்லை. இரண்டு மணிக்கு நானே ரிசீவரை எடுத்து, லைன் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.