மூணாவது ஸ்டூல்

அக்டோபர் 5, ஞாயிறு

ஜவுளிக்கடைல காலைல ஒம்பதரைக்கு நின்னது, ராத்திரி பத்தாச்சு. மதுரை விளக்குத்தூண் பக்கம் கால் வைக்க எடமில்ல. இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு தீபாவளிக்கு.

அக்டோபர் 7

கெண்டைக்கால்ல நரம்பு பச்சையா சுருண்டு தெரியுது. செவுத்துல கால தூக்கி வச்சுப் படுத்திருக்கேன், இத டைப் பண்றதும் அப்படியேதான்.

அக்டோபர் 8

கடை திறக்குறதுக்கு முன்னாடி டென்ஷன் கொறைக்க ஒரு சார் வந்து க்ளாஸ் எடுத்தாரு. நாலு எண்ணி மூச்ச இழு, ஏழு எண்ற வரைக்கும் பிடி, எட்டு எண்ணி விடு. பொய் சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா "நல்லா சாஞ்சு உக்காந்துக்கங்கம்மா"ன்னு ஆரம்பிச்சாரு பாருங்க, முப்பது பேரும் நின்னுக்கிட்டுல்ல இருக்கோம். ஜாக்கெட் துணி அக்கா சிரிச்சிருச்சு, சூப்பர்வைசர் மொறச்சாரு.

அக்டோபர் 11, சனி

ஒரு குடும்பம், நாப்பது சேலைக்கு மேல பிரிச்சுப் போட்டேன், கடைசில ஒரு கர்ச்சீப் கூட எடுக்காம போயிட்டாக, அதுக்கு அவுக முன்னாடியே எனக்குத் திட்டு. குடோனுக்குள்ள போயி நாலு ஏழு எட்டு எண்ணுனேன், ஏழுலயே அழுக வந்துருச்சு. மடிக்கவே ஒரு மணி நேரம். தண்ணியும் குடிக்கிறதில்ல, குடிச்சா பாத்ரூம் போகணும், போனா எங்க போனேன்னு கேப்பாக. 2021-லயே நம்ம சட்டசபைல கடை வேலைக்காரங்களுக்கு உக்கார வசதி குடுக்கணும்னு சட்டத்தத் திருத்திட்டாங்க, கேரளாவுல அதுக்கும் முன்னாடியே. அப்ப எங்க மாடிக்கு மூணு ஸ்டூல் வந்துச்சு, செவப்பு கலரு. ஒண்ணுல சேலப் பெட்டி அடுக்கியிருக்கு. ஒண்ணு பில் கவுண்டருக்குப் போயிருச்சு. மூணாவது எங்க?

அக்டோபர் 12

தண்ணி குடிச்சேன். ரெண்டு பாட்டிலு.

அக்டோபர் 14

பெரியாஸ்பத்திரில டாக்டரம்மா ஒரே எடத்துல நிக்காதீங்க, ஒரு கால மாத்தி ஒரு கால கொஞ்சம் ஒசரத்துல வைங்க, கெடைக்கிறப்பல்லாம் உக்காருங்கன்னாக. எங்கன்னு நான் கேக்கல. இப்ப கவுண்டருக்கு அடில காலி அட்டப்பெட்டி ஒண்ணு போட்டு பாதத்த மாத்தி மாத்தி வைக்கிறேன், கேமராவுக்குத் தெரியாது.

அக்டோபர் 15

ஜாக்கெட் துணி அக்கா யோசனை. ட்ரையல் ரூம்ல அஞ்சஞ்சு நிமிஷம், ஆள் மாத்தி ஆளு. "நீ போ, ஒன் செக்ஷன நான் பாத்துக்கிறேன்." மூச்சுப் பயிற்சிய விட இதுதான் கேக்குது. தரைலதான் உக்காரணும், இருந்தாலும்.

அக்டோபர் 17

மூணாவது ஸ்டூல் மாடிப்படிக்கு அடில கெடக்கு. ஒரு கால் ஒடஞ்சிருக்கு. ஃபெவிக்விக் வாங்கணும்.

அக்டோபர் 18

ஒட்டியாச்சு. யாரு மொதல்ல உக்கார்றதுன்னு