கோயில் வாசலில் பதினொரு வாரம்

ஓகஸ்ட் மூன்றாம் ஞாயிறு. மரதன் பயிற்சித் திட்டத்தில் 26 கிலோமீற்றர். ஓடியது 19. மிச்சத்தை ஓட்டோ ஓடியது.

வெள்ளவத்தையிலிருந்து விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு, மரைன் டிரைவ் வழியாகக் காலி முகத்திடல், அங்கிருந்து சுதந்திர சதுக்கத்தில் நாலு சுற்று, திரும்ப வீடு. இதுதான் என் ஞாயிற்றுக்கிழமை. அன்று திரும்பி வரும்போது, பம்பலப்பிட்டி ஸ்ரேசனைத் தாண்டிய இடத்தில் வலது கால் தரையில் பட்டதும் எலும்புக்குள் யாரோ ஊசி ஏற்றியது போல ஒரு குத்து. கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, உள்பக்கம். நின்றேன். கையை ஊன்ற மதில் தேடினேன். காலைக் கோச்சி கடந்து போனது. வாசலில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பொடியன் என்னைப் பார்த்துக் கை காட்டினான். நானும் காட்டினேன். வேறென்ன செய்ய?

திடீரென்று வந்த நோவு என்று சொன்னால் பொய். ஓட்டக் கொப்பியைப் புரட்டினால் மூன்று கிழமையாக ஒரே வசனம்: "வலது கால் கொஞ்சம் இறுக்கம்." நோவை நோவு என்று எழுதினால் ஓய்வெடுக்க வேண்டிவரும். அதனால்தான் "இறுக்கம்". கொப்பி என்னுடையது, பேனை என்னுடையது, ஏமாந்தவளும் நானே.

இந்த மரதனுக்காக நான் காத்திருந்தது ஏழு வருடம். 2018இல் ஓடத் தொடங்கியபோது ஒரு கிலோமீற்றருக்கே மூச்சு வாங்கியது. 2020இல் ஊரடங்கு, மொட்டைமாடியில் சுற்றிச் சுற்றி ஓடினேன், கீழ் வீட்டு அன்ரி தண்ணீர்த் தாங்கி வெடித்துவிட்டதோ என்று ஏறி வந்து பார்த்தா. 2022இல் பெற்றோல் வரிசைகளுக்கு நடுவே ஓடியிருக்கிறேன். காலி முகத்திடலில் போராட்டக் கூடாரங்கள் நின்ற மாதங்களும் அவைதான். அதன் பிறகு அம்மாவின் கண் ஒப்பரேஷன், அலுவலகத்தில் கணக்காய்வு. ஒவ்வொரு வருடமும் "அடுத்த வருடம்". அப்பா இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் விளையாட்டுக் கதை என்றால் 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்ந்து தங்கம் எடுத்த எதிர்வீரசிங்கத்தின் கதை ஒன்றுதான். பொம்பிளைப் பிள்ளை ஓடுகிற கதை எதுவும் அதில் இல்லை. நாற்பத்து மூன்று வயதில் அந்தக் கதையை நானே எழுதப் போகிறேன் என்று மனதுக்குள் ஒரு மிதப்பு இருந்தது. அதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

*

முதல் வாரம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. சந்தோஷத்தில் இரண்டு நாள் கழித்து 5 கிலோமீற்றர் ஓடினேன். மடைத்தனம். அழுத்தத்தால் எலும்பில் விழும் இழைக்கீறல் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்று பிறகுதான் படித்தேன். அன்றிரவு படுக்கையில் சும்மா கிடக்கும்போதே கால் நொந்தது. ஓட்டக்காரர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: முன்னங்கால் எலும்பில் நோவு உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்து, ஓட ஓடக் குறைந்தால் அது பெரும்பாலும் தசையும் எலும்புறையும் சேர்ந்து செய்யும் சேட்டை. ஒரு விரல் நுனியால் மூடக்கூடிய இடத்தில் நொந்தால், ஓட ஓடக் கூடினால், இராவில் எழுப்பினால், ஓடாதீர்கள். டொக்டரிடம் போங்கள். எனக்கு மூன்றுமே இருந்தன.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நாலு படியில் மூன்றாம் படி. டொக்டர் படத்தைக் காட்டி, "எலும்பு உடையேல்லை, உடைய யோசிக்குது" என்றார். முழங்கால் வரை வரும் பிளாஸ்ரிக் பூட் ஆறு வாரம், முதல் இரண்டு வாரம் ஊன்றுகோல். ஒக்டோபர் முதல் ஞாயிறு மரதன். விரலை மடித்து எண்ணினேன். எண்ணத் தேவையே இல்லை.

ஏன் வந்தது என்று கொப்பியை வைத்துக் கணக்குப் பார்த்தேன். கணக்குத்தானே தொழில். ஐந்து கிழமைக்குள் வார ஓட்டத்தை 38இலிருந்து 61 கிலோமீற்றருக்கு ஏற்றியிருக்கிறேன். சப்பாத்து 900 கிலோமீற்றரைக் கடந்திருந்தது. இரத்தத்தில் விற்றமின் டி 14. இருபதுக்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள். கொழும்பு வெயிலில் இருந்துகொண்டு! ஓடுவது விடியமுதல், வேலை குளிரூட்டிய அறையில், வெளியே போனால் குடை. சூரியன் என்னை எங்கே பார்ப்பது?

எலும்பு வேலை செய்யும் விதம்தான் எனக்குப் புதிது. பாரம் கூடும்போது எலும்பு நேராகப் போய்ப் பலப்படுவதில்லை. முதலில் ஒருவகைக் கலங்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கும், அதன் பிறகு வேறுவகைக் கலங்கள் வந்து அந்தக் குழியைப் புதிதாகக் கட்டும். அரிப்பது வேகம், கட்டுவது ஆறுதல். நடுவில் சில வாரங்கள் எலும்பு முன்பிருந்ததைவிட மெலிவு. அந்த வாரங்களில் ஓய்வு கொடுக்காமல் நான் அடுத்த பாரத்தை ஏற்றினேன்.

*

இனி நேர்த்தி விஷயம்.

ஜூனில் திட்டம் தொடங்கிய அன்று பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் நேர்த்தி வைத்தேன். ஐந்து மணித்தியாலத்துக்குள் மரதனை முடித்தால், அடுத்த ஆடிவேல் திருவிழாவுக்குச் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு நடப்பேன் என்று. இந்த வருடத்து வேலுக்கு அம்மா கூப்பிட்டா. "நாளைக்கு விடிய நீண்ட ஓட்டம், கால் அலுத்துப் போகும்" என்று சொல்லிவிட்டு ஒன்பது மணிக்கே படுத்தேன். முருகனுக்காக நடக்க நேர்ந்தவள் முருகன் வீட்டு வாசலுக்குக் கிட்ட வந்த இரவில் நித்திரை.

பூட் போட்ட முதல் நாள் இரவு குசினியில் இருந்து அழுதுகொண்டே இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். ஏன் முருகன் இப்படிச் செய்தார் என்று கேட்டேன். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"ஐஞ்சு மணித்தியாலத்துக்குள்ள எண்டு சொன்னனியோ?"

"ஓம்."

"ஐஞ்சு மணித்தியாலமும் பத்து நிமிஷமும் எண்டால்?"

நான் பேசவில்லை.

"நீ நேர்த்தி வைக்கேல்லை பிள்ளை. விலை பேசியிருக்கிறாய்."

*

இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஒரு வயதானவர் எழும்பி இடம் தந்தார். என் அப்பா வயது இருக்கும். வேண்டாம் என்றேன். அவர் இருக்கவுமில்லை, நான் இருக்கவுமில்லை. இரண்டு தரிப்பிடம் வரைக்கும் அந்த இருக்கை வெறுமையாக எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு வந்தது. கடைசியில் கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொல்லி அதட்ட, இருந்தேன். உதவியை வாங்கத் தெரியாதது ஒரு பெருமை இல்லை என்று அந்த இரண்டு தரிப்பிடத்தில் விளங்கியது.

கோயில் வாசலில்தான் புது வில்லங்கம். பூட்டைக் கழற்றி வெறுங்காலை ஊன்றக் கூடாது. பூட்டோடு உள்ளே போகவும் முடியாது. அம்மா மட்டும் உள்ளே போனா. நான் வாசலுக்கு வெளியே, பூ விற்கிற அம்மாவின் வாங்கில். அங்கிருந்து பார்த்தால் தலைகளும் முதுகுகளும்தான் தெரியும். தீபாராதனை நேரம் மணியடிக்க, கூட்டம் கை தூக்க, எனக்கு ஒரு துளி வெளிச்சம்.

எனக்கு உடனே நந்தனார் ஞாபகம் வந்தார். திருப்புன்கூரில் வெளியே நின்றவருக்காக நந்தி விலகிய கதை. சிதம்பரத்துக்கு "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர் எடுத்தவர். "அடுத்த வருடம் ஓடுவேன்" என்று ஏழு வருடம் சொன்னவளுக்கு எவ்வளவு பொருத்தம் என்று நினைத்து, என் மீதே எனக்கு ஒரு இரக்கம் ஊறியது. பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம் சொன்னேன், நந்தனார் மாதிரி நின்றேன் என்று.

அம்மா கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தா. "அறுபத்தெட்டில மாவிட்டபுரத்தில சனத்தை வாசல்ல மறிச்சவை, தெரியுமோ?"

தெரியும், வாசித்திருக்கிறேன். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக வந்தவர்களைச் சாதியின் பெயரால் தடுத்து நின்றார்கள். அம்மாவுக்கு அப்போது பதினைந்து வயது.

"நாங்கள் உள்ளுக்கு நிண்டனாங்கள்" என்றா.

வெள்ளவத்தை வரும்வரை இருவரும் கதைக்கவில்லை. ஆறு வாரத்தில் கழற்றிவிடப் போகும் பிளாஸ்ரிக் பூட் என்னுடையது. அதன் பிறகு நந்தனார் பேச்சை நான் எடுக்கவில்லை.

*

மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரம் வரை: வெள்ளிகளில் வாங்கு. திங்கள், புதன், சனி நீச்சல் தடாகம். ஊன்றுகோல் போன பிறகு, பிசியோ சொன்னபடி இடுப்பில் மிதவைப் பட்டி கட்டி, கால் தரையில் படாத ஆழத்தில் தண்ணீருக்குள் ஓடினேன். முதல் நாள் 15 நிமிடம், மூன்றாம் வாரக் கடைசியில் 25, ஐந்தாம் வாரம் 40. தரையில் அதே அளவு களைத்தால் காட்டும் இதயத் துடிப்பு தண்ணீரில் பத்துப் பதினைந்து குறைவாகத்தான் காட்டும். மணிக்கூட்டை நம்பி இன்னும் முறுக்க வேண்டாம். இதைவிட அலுப்பான உடற்பயிற்சி உலகத்தில் இல்லை. எவ்வளவு உதைத்தாலும் அதே இடம். பக்கத்து வரிசையில் ஏழு வயதுப் பெண் பிள்ளை என்னைக் கடந்து போனாள், திரும்பி வந்தாள், மறுபடி கடந்தாள். "அன்ரி ஏன் போகாம நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

பூக்கார அம்மாவோடு பழகியதும் இந்த வாரங்களில்தான். ஹட்டன் பக்கத்துக்காரர். முப்பது வருடமாக அந்த வாசலில். அடிக்கடி உள்ளே போவீர்களா என்று கேட்டேன். "யாவாரத்த விட்டுட்டு எங்க மிஸ் போறது? நடை சாத்துறதுக்கு முன்ன ஒரு நிமிசம் எட்டிப் பார்ப்பேன். அவருக்குத் தெரியும் நான் இங்கதான் இருக்கேன்னு." மல்லிகையைத் தொடுத்துக்கொண்டே சொன்னார், குறையாகவும் இல்லை, பெருமையாகவும் இல்லை. இத்தனை வருடமாக இவரிடம் பூ வாங்கி உள்ளே போயிருக்கிறேன். முகம் ஞாபகமில்லை.

ஒக்டோபர் முதல் ஞாயிறு. பழக்கத்தில் அம்மா நாலு மணிக்கு எழும்பிப் பிளேன்டீ ஊற்றிவிட்டா. ஊற்றிய பிறகுதான் இருவருக்கும் நினைவு வந்தது. குடித்தோம். இலக்கத்தாள் அலுமாரிக்குள். ஒன்பது மணிபோல் கூட ஓடுகிற தோழி பதக்கத்தோடு படம் அனுப்பினாள். பயிற்சியில் எனக்குப் பின்னால் வருகிறவள். போனைக் கவிழ்த்து வைத்தேன். பக்குவம் வந்துவிட்டது என்று யாராவது நினைத்திருந்தால் இதையும் கணக்கில் எடுங்கள். பின்னேரம் இடி மழை. மழைக்குப் பிறகு அவளுக்கு அழைத்தேன். 34ஆவது கிலோமீற்றரில் அழுதாளாம். விவரமாகச் சொல்லு என்றேன். ஒரு மணித்தியாலம் சொன்னாள். உண்மையிலேயே கேட்கப் பிடித்திருந்தது.

*

அடுத்த வியாழன் பூட் கழற்றியாயிற்று. வலது கெண்டைக்கால் இடதைவிட இரண்டு சென்ரிமீற்றர் மெலிவு. வெள்ளி கோயிலுக்குள் போகலாம் என்று துள்ளினேன். பிசியோ பிள்ளை மறித்தாள்: "சப்பாத்தோட மட்டும் நடவுங்கோ அக்கா. வெறுங்கால் இன்னும் மூண்டு கிழமைக்கு வேண்டாம்." பழைய நான் என்றால் "மூன்று சுற்றுத்தானே" என்று போயிருப்பேன், கொப்பியில் "இறுக்கம்" என்று எழுதியிருப்பேன். வாங்கில் போய் இருந்தேன். சும்மா இருக்கிறீர்களே என்று பூக்கார அம்மா நூலை என் கையில் தந்தார். நான் தொடுத்த முழத்தை அவர் ஒருவருக்கும் விற்கவில்லை. விற்கும் தரத்தில் அது இல்லை.

எட்டாம் வாரம்: 20 நிமிட நடை. ஒன்பது: 30 நிமிடம், தொடர்ந்து ஐந்து நாள், நோவில்லை. படியில் நின்று குதிக்கால் உயர்த்தல், ஒற்றைக் காலில் 6, பிறகு 11. பிசியோவின் இலக்கு 25. விற்றமின் டி குளிசை தொடர்கிறது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு குடையில்லாமல் பதினைந்து நிமிடம் வெளியே நிற்கிறேன், அலுவலகத்தில் சிரிக்கிறார்கள்.

பத்தாம் வாரம் வெள்ளி. உள்ளே போனேன். சப்பாத்தைப் பூக்கார அம்மா வாங்கிக்கொண்டார்: "போயிட்டு வாங்க மிஸ், நான் பாத்துக்கிறேன்." குளிர்ந்த கல்லில் காலை வைத்ததும் முதலில் அந்த ஒரு விரல் இடத்தைத்தான் மனம் தேடியது. ஒரே ஒரு சுற்று. எண்பது தாண்டிய கிழவிகள் என்னைக் கடந்து போனார்கள். தீபாராதனையில் கண்ணை மூடினேன், கேட்க ஒன்றும் வரவில்லை. தேடிப் பார்த்தும் வரவில்லை. மணி ஓய்ந்ததும் வெளியே வந்து, "இப்ப நீங்கள் போங்கோ, நான் கடையைப் பாக்கிறன்" என்றேன். அவர் போய்ப் பத்து நிமிடம் கழித்துத்தான் வந்தார். அதற்குள் நான் மூன்று முழம் மல்லிகை விற்று, ஒருவருக்கு மிச்சக் காசு பிழையாகக் கொடுத்துவிட்டேன். கணக்காளர்.

பதினோராம் வாரம், நேற்று. விகாரமகாதேவி பூங்கா. நாலு நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெல்லோட்டம், இப்படி எட்டுத் தடவை. ஓட்டம் என்று பார்த்தால் மொத்தம் 8 நிமிடம். நோவு: இல்லை. கொப்பியில் அப்படியே எழுதினேன். இரவில் ஒரு தரம் எழும்பிக் காலை அமத்திப் பார்த்தேன், அதையும் எழுதினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டா, "அப்ப அடுத்த வருஷமோ?"

"நாளண்டைக்குத் திரும்ப எட்டு நிமிஷம்" என்றேன்.