மாலத்தீவுக்காக ஒன்றரைப் பக்கம்

மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக நின்று ஐ.நா. சபை போல விவாதிக்கும் மாதிரி ஐ.நா. மன்றத்துக்குப் பெயர் கொடுத்தபோது, போய்ப் பேச வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். எழுதவும் வேண்டும் என்பது நாடு ஒதுக்கி வந்த மின்னஞ்சலின் கடைசி வரியில்தான் தெரிந்தது. நாடு: மாலத்தீவு. தலைப்பு: காலநிலை மாற்றத்தால் வரும் இழப்பும் சேதமும். பொசிஷன் பேப்பர் இரண்டு பக்கத்துக்கு மிகாமல், பத்து நாளுக்குள்.

பொசிஷன் பேப்பர் என்றால் நிலைப்பாட்டு அறிக்கை. பெயரிலேயே விஷயம் இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. நான்கு நாள் விழுந்து விழுந்து படித்து நாலரைப் பக்கம் எழுதினேன். புவி வெப்பமாதல் எப்படி நடக்கிறது, 2015 பாரிஸ் காலநிலை ஒப்பந்தம் என்ன சொல்கிறது, மாலத்தீவில் எத்தனை தீவுகள், என்ன தொழில் என்று எதையும் விடவில்லை. முந்தைய ஆண்டுகளில் இதற்கெல்லாம் போய்வந்த சீனியர் அக்கா ஒருவரிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முதல் வரி இது: "காலநிலை மாற்றம் இன்று உலகம் எதிர்கொள்ளும் மாபெரும் சவால்களுள் ஒன்றாகும்." அக்கா மாலத்தீவு என்ற சொல் வரும் இடங்களை எல்லாம் விரலால் மறைத்துக்கொண்டே படித்தார். "இப்போ சொல்லு, இது எந்த நாட்டுப் பேப்பர்? நார்வேன்னு போட்டாலும் பாதிக்கு மேல அப்படியே பொருந்துதே" என்றார். அப்புறம் ஒரு கேள்வி: "இதைப் படிச்சுட்டு 'இல்ல, நான் ஒத்துக்க மாட்டேன்'னு சொல்ல யாராவது இருக்காங்களா?"

யாரும் இல்லை. கடல் உயர்வது மோசம் என்பதை யார் மறுப்பார்கள்? மறுக்க ஆள் இல்லாத ஒன்றை நாலரைப் பக்கம் நிரூபித்திருக்கிறேன்.

அன்று இரவு முழுக்க ஒரே ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டினேன். "வளர்ந்த நாடுகள் மாலத்தீவுக்கு உதவ வேண்டும்" என்று முதலில் எழுதினேன். இதுவும் நார்வே கேஸ்தான், உதவி வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? கொஞ்சம் காரம் ஏற்றி, "வளர்ந்த நாடுகள் நஷ்டஈடு தர வேண்டும், பாரிஸ் ஒப்பந்தத்தின் 8ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது" என்று மாற்றினேன். எழுதி முடித்ததும் ஏதோ வழக்கில் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த வரியைப் பார்த்துவிட்டு அக்கா, "ஒப்பந்தத்தை மட்டும் படிச்சியா, கூடவே நிறைவேத்துன தீர்மானத்தையும் படிச்சியா?" என்று கேட்டார். தேடிப் படித்தேன். தீர்மானத்தின் 51ஆவது பத்தியில் பட்டவர்த்தனமாகப் போட்டிருக்கிறது: இழப்பு-சேதம் பற்றிய 8ஆவது பிரிவு சட்டப் பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படை ஆகாது. நான் ஆயுதம் என்று நினைத்துத் தூக்கியதற்குள் எதிராளி ஏற்கெனவே பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார். அந்த வரியோடு அனுப்பியிருந்தால் சபையில் ஒரே நிமிடத்தில் என் கதை முடிந்திருக்கும். பேப்பர் முழுக்கத் தேடி 'நஷ்டஈடு' என்ற சொல்லை ஒன்பது இடங்களில் அழித்தேன். மாலத்தீவுக்கு வேண்டியது பணம். பணம் தர வேண்டியவர் அந்தச் சொல்லைக் கேட்டதுமே எழுந்து போய்விடுவார் என்றால், அதைப் பிடித்துத் தொங்குவதில் எனக்கு மட்டும்தான் திருப்தி.

கடைசியில் நின்ற வாக்கியம் இது: "இழப்பு-சேத நிதியத்திலிருந்து வரும் பணத்தை, தனிநபர் வருமானத்தைக் காரணம் காட்டிச் சிறு தீவு நாடுகளுக்கு மறுக்கக் கூடாது; அது கடனாக அல்ல, மானியமாக வர வேண்டும்." காலநிலையால் அடிபடும் வளரும் நாடுகளுக்குப் பணம் தருவதற்கான அந்த நிதியம், 2022இல் எகிப்தின் ஷர்ம் எல்-ஷேக்கில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் முடிவாகி, 2023இல் துபாயில் செயலுக்கு வந்தது. ஆகவே 'நிதியம் வேண்டும்' என்று கேட்பதில் பொருளில்லை. யாருக்கு, எந்தக் கணக்கில் என்பதில்தான் சண்டை. என் வாக்கியத்தை இப்போது தாராளமாக மறுக்கலாம். மறுப்பவர்கள் என்ன சொல்வார்கள்?

அதை எழுதச் சொன்னதும் அக்காதான். "பணம் குடுக்குற நாடா உன்னை நினைச்சுக்க. மாலத்தீவை எதிர்த்து அரைப் பக்கம் எழுதிட்டு வா. ஒப்புக்கு எழுதாதே, உண்மையா ஜெயிக்கிற மாதிரி எழுது."

எழுதினேன். மாலத்தீவு 2011இலேயே ஐ.நா.வின் மிகக் குறைந்த வளர்ச்சி கண்ட நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேறிவிட்டது. உலக வங்கிக் கணக்கில் அது உயர்-நடுத்தர வருமான நாடு. சுற்றுலாவில் நல்ல வருவாய். இருப்பது சிறிய நிதி, அதைவிட ஏழை நாடுகள் வரிசையில் நிற்கும்போது இவர்களுக்கு ஏன்? சொல்லக் கூடாது, எழுதி முடித்தபோது நானே பாதி கட்சி மாறியிருந்தேன். நாலரைப் பக்கப் பேப்பரில் இதில் ஒரு வரிக்குக்கூடப் பதில் இல்லை.

பதில் தேடும்போதுதான் இரண்டு தேதிகள் கண்ணில் பட்டன. மாலத்தீவை அந்தப் பட்டியலிலிருந்து விடுவிக்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றியது 2004 டிசம்பர் 20. சுனாமி வந்தது டிசம்பர் 26. ஆறே நாள். சேதம், நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் 62 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். வெளியேற்றம் தள்ளிப்போய் 2011இல் நடந்ததற்கும் இதுதான் காரணம். தேதிகளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

ஆர்வக்கோளாறில், "காலநிலை மாற்றத்தின் கொடூரத்துக்கு 2004 சுனாமியே சாட்சி" என்று ஒரு பத்தி எழுதினேன். மறுநாள் படித்துப் பார்த்தால் கூச்சமாக இருந்தது. சுனாமி வந்தது நிலநடுக்கத்தால், அதற்கும் காலநிலைக்கும் என்ன தொடர்பு? பள்ளி மாணவர்கூடப் பிடித்துவிடுவார். அதற்காக அந்தத் தகவலைத் தூக்கி எறியவும் மனமில்லை. அப்புறம்தான் அது வேறெதற்குச் சாட்சி என்று புரிந்தது. தனிநபர் வருமானம் என்ற எண், ஒரு நாடு ஒரே நாளில் எவ்வளவு இழக்கும் என்பதைச் சொல்லாது. எதிராளியின் வாதம் அந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது. பத்தியை இப்படித் திருத்தினேன்: "சுனாமி காலநிலையால் வந்ததல்ல. ஆனால் வருமானத்தைப் பார்த்து 'தேறிவிட்டது' என்று உலகம் சொன்ன ஆறாம் நாளில், ஓராண்டு உற்பத்தியில் பாதிக்கு மேல் போனது." அந்த முதல் வரியைச் சேர்த்த பிறகுதான் பத்திக்கே தெம்பு வந்தது.

மற்றபடி வேலை, வெட்டுவதுதான். பதினான்கு புள்ளிவிவரங்களில் நான்குதான் மிஞ்சின. நிலப்பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது என்பது அவற்றில் ஒன்று. 2009இல் மாலத்தீவு அமைச்சரவை கடலுக்கடியில் கூட்டம் நடத்திய சம்பவத்தை ஆசை ஆசையாக வைத்திருந்தேன். "மாலத்தீவு கிடைச்ச எல்லாரும் அதைத்தான் முதல்ல எழுதுவாங்க" என்று அக்கா சொல்லவும் அதுவும் போயிற்று. இன்னமும் கொஞ்சம் வருத்தம்தான். 'நான் கருதுகிறேன்' எல்லாம் 'மாலத்தீவு கருதுகிறது' ஆனது.

தீர்வுப் பகுதியில் 'விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்', 'நாடுகள் ஒத்துழைக்க வேண்டும்' என்று ஏழு இருந்தன. யார் செய்வது, எதைக் கொண்டு செய்வது என்று ஒவ்வொன்றையும் கேட்டபோது ஐந்து உதிர்ந்துவிட்டன. மிஞ்சியதில் முக்கியமானது, பங்கீடு செய்யும்போது நிதிய வாரியம் வருமானத்தோடு பல்பரிமாண பாதிப்புக் குறியீட்டையும், அதாவது வெளி அதிர்ச்சிகளில் ஒரு நாடு எவ்வளவு எளிதில் அடிபடும் என்பதை அளக்கும் எண்ணையும், பார்க்க வேண்டும் என்பது. 2024இல் ஐ.நா. பொதுச்சபையே முன்னெடுத்த குறியீடு அது, நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்பதாம் நாள் இரவு ஒன்றரைப் பக்கம் அனுப்பினேன்.

சபையில் முதல் நாளே ஓர் ஐரோப்பிய நாட்டின் பிரதிநிதியாக வந்தவர் எழுந்து, உயர்-நடுத்தர வருமானம், 2011, சுற்றுலா என்று நான் எழுதிய அதே அரைப் பக்கத்தைக் கிட்டத்தட்ட அதே வரிசையில் சொன்னார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆறு நாள் கதையைச் சொன்னேன். "சுனாமிக்கும் காலநிலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். பேப்பரின் இரண்டாம் பக்கம், முதல் பத்தி, முதல் வரி என்றேன்.

விருது எதுவும் கிடைக்கவில்லை. இறுதித் தீர்மானத்தில் குறியீடு பற்றிய கோரிக்கை அப்படியே வந்தது. 'மானியமாக' என்பதை மட்டும் இரண்டு மணி நேரம் இழுத்தடித்து, 'பெரும்பாலும் மானியமாக' என்று ஆக்கிவிட்டார்கள். கையைத் தூக்கி ஆதரித்தேன்.