ஈறில் ரத்தம், காலில் சிவப்புப் புள்ளிகள்: எனக்கு ஸ்கர்வி வந்தபோது

ஈறில் ரத்தம் வந்தால் பல் மருத்துவரிடம்தான் போவோம். நானும் போனேன். பல்லைச் சுத்தம் செய்து, வாய் கொப்பளிக்க மருந்து கொடுத்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. அப்புறம் எங்கும் இடித்துக்கொள்ளாமலே தொடையில் கன்றிப்போகத் தொடங்கியது. படியேறினால் முழங்கால் வலி, எந்நேரமும் அசதி. பிளேட்லெட் எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரம் எல்லாம் பார்த்தார்கள். அத்தனையும் நார்மல். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எனக்குப் பயம் கூடத்தான் செய்தது.

கண்டுபிடித்தவர் ஒரு தோல் மருத்துவர். காலில் லென்ஸ் வைத்துப் பார்த்தார். சிவப்புப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு மயிர்க்காலைச் சுற்றியே இருந்தது. முடியும் சுருண்டு கிடந்தது. "தினமும் என்ன சாப்பிடுறீங்க?" என்றார். நெஞ்செரிச்சலுக்காகப் புளிப்புப் பழங்களை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். பல மாதமாகவே அப்படித்தான். காய்களையும் குழைய வேகவைத்து, தண்ணீரை வடித்துச் சாப்பிட்டுவந்தேன். வைட்டமின் சி நீரில் கரையும், சூட்டில் சிதையும். பிறகு எங்கிருந்து கிடைக்கும்?

வைட்டமின் சி மாத்திரை தொடங்குமுன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னார். முக்கியமான விஷயம் இது: இரண்டொரு நாள் பழமோ மாத்திரையோ எடுத்தாலே ரத்தத்தில் அளவு ஏறிவிடும், குறைபாடு மறைந்துபோகும். ரத்த மாதிரியை வெளிச்சம் படாமல், குளிரில் வைத்து அனுப்பினார்கள். அளவு 100 மில்லிக்கு 0.2 மில்லிகிராமுக்கும் கீழே என்று வந்தது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வியேதான். திசுக்களைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் உறுதியாக உருவாக வைட்டமின் சி வேண்டும்; அது இல்லாததால் நுண்ணிய ரத்தக்குழாய்கள் தளர்ந்து கசிந்திருக்கின்றன. ரத்தம் உறைவதில் கோளாறே இல்லை. பரிசோதனைகளில் எதுவும் சிக்காததற்கு அதுதான் காரணம்.

1747-லேயே கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை வைத்துச் சோதித்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சட்டென்று தேறினார்கள். எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான். மாத்திரை தொடங்கிய சில நாளிலேயே அசதி விட்டது. ஈறு ஆறச் சில வாரம் ஆனது. கன்றல்கள் மறைய அதைவிட அதிகம்.

புளிப்பில்லாமலும் வைட்டமின் சி கிடைக்கும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். கொய்யாவிலும் குடைமிளகாயிலும் ஆரஞ்சைவிட அதிகம் இருக்கிறது. குடைமிளகாயைப் பச்சையாகவே நறுக்கிப் போட்டுக்கொள்கிறேன். நெஞ்செரிச்சல் வரவில்லை. மாத்திரையையும் நிறுத்தியாயிற்று, அளவுக்கு மீறினால் வயிற்றுப்போக்கு, சிலருக்குச் சிறுநீரகக் கல்கூட வரலாம் என்று மருத்துவரே நிறுத்திவிட்டார்.