வெறும் சுவரைப் பார்த்துச் சுடுவது

"அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை பெல்லட் சுடணும்?" துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி உண்டு. சுடாமல் எவ்வளவு நேரம் பிஸ்டலைத் தூக்கினாய் என்று திருப்பிக் கேட்டால் முழிக்கிறார்கள்.

நான் சுடுவது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். பேங்க் வேலையில் ரேஞ்சுக்குப் போக ஞாயிற்றுக்கிழமைதான் வாய்க்கும். மற்ற நாட்களில் படுக்கையறைச் சுவரைப் பார்த்து, பெல்லட், அதாவது குண்டு, போடாமல் ட்ரிக்கரை இழுக்கும் 'ட்ரை ஃபயர்' பயிற்சிதான். டார்கெட் ஒட்டுவதில்லை, வெள்ளைச் சுவர் போதும்.

முதலில் பெல்லட் டப்பா ஹால் அலமாரிக்குப் போய்விடும். பிறகு குண்டு போடும் வாயான லோடிங் போர்ட்டைத் திறந்து காலிதானா என்று பார்ப்பேன், கதவைத் தாழ்போடுவேன். காற்றுத் துப்பாக்கிதானே என்று மாமியார் சிரிப்பார். சிரிக்கட்டும்.

அப்புறம் கை மேலே போகிறது. குறி பார்க்க பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் இரண்டு சைட் இருக்கும்; பின் சைட்டின் பள்ளத்தில் முன் சைட் உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் தெரியும் வெளிச்சக் கீற்று ஒரே அளவாக இருக்க வேண்டும். ட்ரிக்கரில் முதல் இழுப்பு தளர்வாக வரும், பிறகு ஒரு தடுப்பு. அதன்மேல் மெல்ல அழுத்தம் கூட்டினால் 'டிக்'. அந்த நொடியில் முன் சைட் அசைந்ததா? இதைப் பார்க்கத்தான் இத்தனை பாடும். அது கால் மில்லிமீட்டர் ஒதுங்கினாலே 10 மீட்டரில் ஏழெட்டு மில்லிமீட்டர் தள்ளிப் போகும். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான். ரேஞ்சில் இந்த அசைவு கண்ணில் படாது, ஏனென்றால் கண் அதற்குள் ஸ்கோருக்கு ஓடிவிடும். சுவரில் ஸ்கோர் இல்லை. 'டிக்' கேட்ட பிறகும் ஓரிரண்டு நொடி சைட்டிலேயே நிற்கப் பழகலாம்.

ஏர் பிஸ்டல்கள் பலவற்றில் இதற்கென்றே தனி வசதி உண்டு, காற்று செலவாகாது. .22 பிஸ்டல் வைத்திருப்பவர்கள் கவனம்: பல மாடல்களில் தோட்டா உட்காரும் சேம்பர் காலியாக இருக்கும்போது இழுத்தால், தோட்டாவை அடிக்கும் ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பில் மோதித் தேய்க்கும். ஸ்னாப் கேப் என்னும் போலித் தோட்டா போட்டுக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், சுவரிடம் கற்க வேண்டியது சுடாமல் கையை இறக்குவதை. மேட்சில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம், அவசரமே இல்லை. ஆனாலும் எட்டு நொடி தாண்டி, கை ஆட ஆரம்பித்த பிறகும், தூக்கியாயிற்றே என்று இழுத்துவிடுகிறார்கள். பக்கத்து லேனில் ஆள் நிற்கும்போது இறக்குவது கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது! வீட்டில் யார் பார்க்கிறார்கள்? கை ஆடாமல் நன்றாக நிற்கும் ஹோல்டைக்கூட நான் சில சமயம் வேண்டுமென்றே இறக்கிவிடுவேன்.

ஸ்காட் மாதிரி சென்சார் கருவிகள் துப்பாக்கி முனை அலைவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும். நல்ல கருவிதான், விலையும் அப்படி. புதியவர்களுக்கு வேண்டாம் என்பேன். கண் மறுபடி திரைக்குத்தான் ஓடும்.

இருபது நிமிடம் போதும். தோள் சோர்ந்த பிறகும் தூக்கினால் உடம்பு அந்தச் சோர்ந்த ஹோல்டையே பழகிக்கொள்ளும். மாமியார் சாப்பிடக் கூப்பிட்டால் அதோடு சரி, பிஸ்டலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன்.