வாவியில் ஓர் இரவு
சனிக்கிழமை மாலை தனியாகத் தோணி வலித்துப் மட்டக்களப்பின் பாலமீன்மடுப் பக்கமுள்ள, உவர்நீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரக் காட்டுக்குப் போய், இரவு அங்கேயே தங்கினேன். பாண், சம்பல், குடிநீர், டோர்ச், நுளம்பு வலை. வலையை மட்டும் யாரும் மறந்துவிடாதீர்கள்!

மட்டக்களப்பு வாவியில் முதலைகள் உண்டு. ஆகவே இருட்டுவதற்கு முன்பே தோணியைக் கரையேற்றிவிட்டு, மேட்டு மணலில் படுத்துக்கொண்டேன்.

கண்டல் வேர்களை அவ்வளவு நெருக்கத்தில் பார்த்ததுதான் பெரும்பேறு. வளைந்த முட்டு வேர்கள் சேற்றை இறுகப் பிடித்து நிற்கின்றன. கண்ணா மரத்தின் வேர்களோ சேற்றுக்கு மேலே ஈட்டிகளாக நிமிர்ந்து மூச்சு விடுகின்றன. இறாலும் மீனும் குஞ்சுப் பருவத்தில் ஒளிந்து வளர்வது இவற்றின் இடுக்குகளில்தான். 2004 சுனாமியைக் கண்ட ஊர் நாம். இன்னமும், அலையின் வேகத்தைத் தணிக்கும் இந்த மரங்களை விறகுக்கு வெட்டுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வெட்டுபவர்களிடம் நேரில் பேசுங்கள், நானும் பேசுகிறேன்.

அடுத்த பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடிக்குப் போகிறேன். துடுப்பை நீரில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்து, நீருக்கடியிலிருந்து வரும் ‘பாடும் மீன்’ ஓசையைக் கேட்க வேண்டும். தோணியில் இன்னும் இருவருக்கு இடமிருக்கிறது. வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். கொண்டுவரும் பிளாஸ்டிக் போத்தலைத் திருப்பி எடுத்துச் செல்ல வேண்டும்.