500-இலிருந்து 5000-க்கு: யூஐடி வரம்பை மாற்றிய அனுபவம்

பழைய சென்ட்ஓஎஸ் 6 சர்வரும் புது டெபியன் சர்வர்களும் ஒரே என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் முறை) பகிர்வை மவுன்ட் செய்ய வேண்டியிருந்தது. பழையதில் பயனர்களின் யூஐடி (ஒவ்வொரு பயனருக்கும் லினக்ஸ் தரும் எண்) 500-இல் தொடங்கும், டெபியனில் 1000. ரெட் ஹேட் குடும்பமும் 7ஆம் பதிப்பிலேயே 1000-க்கு மாறிவிட்டது, 999 வரை சர்வீஸ் கணக்குகளுக்கு. வழக்கமான என்எஃப்எஸ் அமைப்பில் இந்த எண்ணைப் பார்த்துத்தான் அனுமதி கிடைக்கும், பெயரைப் பார்த்து அல்ல. எண் பொருந்தாவிட்டால் ஒருவர் ஃபைலை இன்னொருவர் திறப்பார்.

1000-ஐ இன்ஸ்டாலரே முதல் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் ஆட்களுக்கு 5000 முதல் 59999 வரை என்று வைத்தோம். மேலே போகாததற்குக் காரணம் உண்டு: 60001 முதல் சில எண்களையும், 61184 முதல் 65519 வரையிலும் சிஸ்டம்டி (சர்வீஸ்களை இயக்கும் லினக்ஸ் நிரல்) தனக்கென வைத்திருக்கிறது, 65534 'நோபடி' எனும் உரிமையற்ற கணக்கு.

இதற்கு லாகின்.டெஃப்ஸ் எனும் கான்ஃபிக் ஃபைலில் யூஐடி_மின், யூஐடி_மேக்ஸ், கூடவே ஜிஐடி (குழு எண்) வரம்பு ஆகியவற்றை மாற்றினோம். டெபியனில் கணக்கு உருவாக்கும் ஆட்யூசர் கட்டளைக்குத் தனி கான்ஃபிக் ஃபைல் இருப்பதால் அங்கேயும் மாற்ற வேண்டும். இது சுலபமான பாதி. இந்த வரம்பு இனி உருவாகும் கணக்குகளுக்கு மட்டும்தான்; இருப்பவற்றைத் தொடாது.

பழைய கணக்குகளின் எண்ணை யூசர்மாட் கட்டளை கொண்டு மாற்றினோம். அந்தப் பயனரின் பிராசஸ் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அது மறுத்துவிடும் (நல்லதுதான்). ஹோம் அடைவில் உள்ளவற்றின் உரிமையை அதுவே மாற்றும். வெளியே கிடப்பவை நம் பொறுப்பு. ஒவ்வொரு ஃபைல்சிஸ்டமிலும் ஃபைண்ட் கட்டளையால் பழைய எண்ணைத் தேடி, உரிமையை மாற்றும் சௌன் கட்டளையைப் போட்டோம். சௌனுக்கு '-எச்' (சிறிய எழுத்து) முக்கியம். இல்லாவிட்டால் சிம்லிங்க் சுட்டும் ஃபைலின் உரிமை மாறிவிடும். செட்யூஐடி பிட்டையும் (உரிமையாளரின் அனுமதியோடு நிரலை ஓட வைக்கும் குறி) சௌன் அழித்துவிடும் என்பதால் அப்படிப்பட்ட ஃபைல்களை முன்பே பட்டியல் எடுத்து வைத்தோம்.

உண்மையான தலைவலி ஏசிஎல் (ஒரு ஃபைலுக்குத் தனித்தனிப் பயனர்களுக்குத் தரும் கூடுதல் அனுமதிப் பட்டியல்). அதற்குள்ளும் எண்தான் பதிவாகிறது. உரிமையாளரைத் தேடும் ஃபைண்டுக்கு அது தெரியாது. எண்களை மாற்றும் முன்பே கெட்ஃபேக்ல் மூலம் எல்லாவற்றையும் பெயரோடு சேமித்துவிட்டு, மாற்றிய பின் செட்ஃபேக்ல் ரீஸ்டோர் கொடுத்தால் அதே பெயர்கள் புது எண்களோடு உட்கார்ந்துவிடும். வரிசை மாறினால் இந்த வழி உதவாது.

கடைசியாக 'நோயூசர்' நிபந்தனையோடு ஒரு ஃபைண்ட். உரிமையாளர் இல்லாமல் அகப்பட்டவை எல்லாம் எப்போதோ நீக்கப்பட்ட கணக்குகளுடையவை. அவற்றை ரூட் எனும் நிர்வாகிக் கணக்குக்கு மாற்றிவிட்டுப் பகிர்வைத் திறந்துவிட்டோம்.